பச்சையாகத் தெரிந்ததெல்லாம் தரை

பெண் கேட்கப் போகிறவன் ஒரு பொய்யாவது சொல்லாமல் திரும்புவதில்லை. சிலர் வயதைக் குறைப்பார்கள், சிலர் உத்தியோகத்தை உயர்த்துவார்கள். நான் விரால் பிடிக்கத் தெரியும் என்று சொன்னேன்.

நடந்தது ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில். ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கோவிலில் ருக்மணியை ஒரே ஒரு தரம் பார்த்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா ஏகாம்பரம் துறைமுகக் கிடங்கில் தலைமைக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சம்பான் படகில் ஆற்றைக் கடந்து டாலா பக்கத்து ஓடைகளில் தூண்டில் போடப் போய்விடுவார். விராலைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மீனே இல்லை.

"தம்பிக்கு விரால் புடிச்சுப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எங்க கண்மாயில நான் புடிக்காத விராலாய்யா!"

முழுப் பொய் இல்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே சேற்றில் இறங்கிக் கையால் மீனை அமுக்கும். நானும் அமுக்கியிருக்கிறேன். (தூண்டிலைத் தொட்டதுண்டா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.)

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழம எங்கூட வாங்க. ஒரு நாள் சேந்து மீன் புடிச்சா ஆள் எப்படின்னு தெரிஞ்சு போயிடும். அப்புறம் கல்யாணப் பேச்சப் பேசலாம்," என்றார்.

மீன் பிடிக்க நான் வெள்ளைக் கோட்டும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகப் போனேன். படகோட்டி கோ டின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சுருட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். ஓடைக்குள் நுழைந்ததும் ஏகாம்பரம் பாடம் நடத்த ஆரம்பித்தார். அல்லி இருந்தால் தவளையைத் தூண்டிலில் கோத்து இலைக்கு இலை தாவவிட வேண்டுமாம். தண்ணீருக்கடியில் பாசி இருந்தால் இடுக்குப் பார்த்து மெல்ல இறக்க வேண்டுமாம். கோரை என்றால் ஓரத்திலேயே பொறுமையாக ஆட்ட வேண்டுமாம்.

"உங்க ஊர்ல விரால் எதுல தம்பி கெடக்கும்?"

"எல்லாத்துலயும் கெடக்கும்யா. நம்ம பாக்கறதுலதான் இருக்கு."

பெரிய ஞானியைப் போலச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அத்தோடு நான் வாயையும் காலையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அவர் தூண்டில் வில்லாக வளைந்தது. மனிதர் பாதி எழுந்துவிட்டார். "அதேதான் தம்பி! மூணு மழைக்காலமா எனக்குத் தண்ணி காட்டுற பய இவன்தான்!" மீன் இழுத்துக்கொண்டு ஓடி, பக்கத்திலிருந்த பச்சைப் பசேல் என்ற இடத்துக்குள் புகுந்துகொண்டது. நூல் அசையவில்லை. ஓரத்தில் மீனின் வால் மட்டும் பளபளத்தது.

இங்கே எங்கள் சீமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே கண்மாய் பச்சையாகத் தெரிந்தால் தண்ணீர் வற்றிவிட்டது, ஆட்டை ஓட்டிவிடலாம் என்று அர்த்தம். ஆகாயத்தாமரை என்ற பூண்டை நான் கண்டதே இல்லை. பர்மியர்கள் அதை பேடா என்பார்கள். மைதானம் மாதிரி விரிந்து, ஊதாப் பூவும் பூத்துக் கிடந்தது. வால் தெரிகிறது, பக்கத்திலேயே தரை இருக்கிறது, கையால் அமுக்குவது நம் தொழில். இதைவிட நல்ல நேரம் வருமா?

"விடுங்கய்யா, நான் எறங்கி எடுத்தாறேன்!"

"மத்வா நே!" (போகாதே!) என்று கோ டின் கத்தியது காதில் விழுந்தபோது நான் படகில் இல்லை.

நடந்து போகிறவன் காலை வைப்பதைப் போலத்தான் வைத்தேன். மைதானம் திறந்து என்னை விழுங்கி மறுபடி மூடிக்கொண்டது. எனக்கு நீச்சல் தெரியாது. (எங்கள் ஊரில் நீந்துவதற்குத் தண்ணீர் ஏது?) வேர்கள் முகத்தில் அப்பின. செத்தேன் என்றே நினைத்தேன். கோ டின் துடுப்பை நீட்டி, நான் அதைப் பற்றியதும் என் கோட்டுக் காலரைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான். கண்ணைத் திறந்தேன். ஏகாம்பரம் அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரை சேரும்வரை அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கல்யாணம் ஆற்றோடு போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்விட்டு அழவும் முடியவில்லை, அவர் ஏற்கெனவே அழுகிற நிலையில் இருந்தார்.

ஈரம் சொட்டச் சொட்ட அவர் வீட்டு வாசலில் நின்றேன். கோட்டுப் பையில் ஒரு பேடா, பூவோடு. கதவுக்குப் பின்னாலிருந்து ருக்மணியின் குரல் வந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"இவருக்கு மீனும் புடிக்கத் தெரியல, தரையும் தெரியல!"

"இனிமேலும் புடிக்க மாட்டாரா?"

"இந்த ஜென்மத்துல மாட்டாரு!"

"அப்ப எனக்குச் சம்மதம்பா. சாம்பலத் தேச்சுத் தேச்சு உங்க விரால உரிச்சே என் கை தேஞ்சு போச்சு. இன்னொரு தூண்டில்காரருக்கும் உரிக்க என்னால ஆகாது."

எனக்கு முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அப்பாவுக்குப் பிடித்த தூண்டில்காரர்கள் என்பதும், அவள்தான் வேண்டாம் என்றாள் என்பதும் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த நிம்மதி, துடுப்பைப் பிடித்தபோதுகூட வரவில்லை. ஏகாம்பரம் பெருமூச்சு விட்டு, "உள்ள வந்து தலையத் தொடைங்க, மாப்பிள்ள," என்றார். காலையிலிருந்து நான் தம்பியாகத்தான் இருந்தேன்.

தை மாதம் கல்யாணம். மணவறைக்கு முன்னால் புத்தம்புதுப் பச்சை ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நான் அதில் கால் வைக்கப் போகும்போது, அதுவரை என்னோடு பேசியே இராத ருக்மணி குனிந்த தலை நிமிராமல் முதல் வார்த்தை பேசினாள்:

"பாத்து. கால வச்சுப் பாத்துட்டு வாங்க."