மாமனாரை மூன்று தரம் கூப்பிட்டது

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்தபின் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ரயில் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத காலம் அது. எனக்கு வயது இருபத்தொன்று. ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் வாசம். தொட்டிலில் ஒரு ஆண்பிள்ளை. தொழில் என்று ஒன்றும் கிடையாது. (பிறந்த வீட்டில் எனக்கு மேலே நாலு அண்ணன்மார். நிலம் மூன்றாவது அண்ணனோடு தீர்ந்துபோயிற்று.) கால் ஓரிடத்தில் நிற்காது. பஞ்சுக் கிட்டங்கியில் எடை போட்டேன்; எட்டாம் நாள் சலித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ராவுத்தர் ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். துணியை முழம் போடும்போதே, இதைவிட நல்ல தொழில் ஒன்று என்னைத் தேடி அடுத்த தெருவில் அலைகிறதோ என்று வாசலைப் பார்ப்பேன். ஒருவர் வேட்டிக்குக் கேட்ட துணியை அப்படிப் பார்த்துக்கொண்டே கிழித்தேன். அது துண்டுக்குத்தான் ஆயிற்று.

“தம்பி, ஒமக்குக் கடை சரிப்படல. கடைக்கும் நீரு சரிப்படல” என்று ராவுத்தர் மரியாதையாக வழியனுப்பினார்.

மாமனாரை ஊரில் ‘கிணத்துத் தோட்டத்தார்’ என்பார்கள். சொந்தப் பெயர் வேறு. அதை நான் சொல்ல மாட்டேன். மாமனார் பெயரை மருமகன் வாயால் சொல்வது, எங்கள் பக்கத்தில், செருப்பைக் கழற்றி ஓங்குவதற்கு அடுத்த படி. ‘இன்னார்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைக்கும் அந்தப் பெயரேதான். (வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையிடம் பெயர் வைக்க யார் யோசனை கேட்பார்கள்?) ஆகவே வீட்டில் ஒருவரும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. ‘சாமி’, ‘ராசா’ என்று சமாளித்தார்கள்.

நான் மட்டும் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தேன். மாமனார் தோட்டத்துக்குப் போனதும் தொட்டிலுக்குள் தலையை விட்டு, “ஏலே இன்னாரு! என்னலே முழிக்க? மீசையப் பாரு!” என்று ஆசை தீரத் திட்டுவேன். பிள்ளை பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். அன்றைய பொழுதுக்கு என் மானம் திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் மனைவி பார்த்துவிட்டாள்.

“பிள்ளையத் திட்டுதியளா, எங்க ஐயாவத் திட்டுதியளா?”

“பிள்ளையத்தான்.”

“பிள்ளைக்கு ஏது மீசை?”

நான் தொட்டிலை வேகமாக ஆட்டினேன்.

பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மாப்ளே, விசேசத்துக்கு நாலு பேரு வருவாக. ‘பிள்ளையோட அப்பா என்ன பண்ணுதாரு’ன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல? ஆந்த போல முழிக்கவா?”

அவரே வக்கீலைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கச்சேரியில் எனக்கு டவாலி சேவகன் வேலை வாங்கித் தந்தார். என் தகுதி தொண்டை. சின்ன வயதில் தினைக்காட்டில் கிளி விரட்டிய தொண்டை; கத்தினால் எங்கள் பக்கத்துச் சஞ்சீவி மலையில் பட்டுத் திரும்பும். மார்பில் பட்டையைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று வழக்குக்காரர்களை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரத்துக்கும் வாதி உள்ளே வராவிட்டால் பிராது தள்ளுபடி.

“அய்யா, அண்ணாச்சி ஒண்ணும் ஒட்டப்படாது” என்றார் பழைய டவாலி. “சமீந்தாரா இருந்தாலும் மொட்டைப் பேருதான்.”

அடடா, என்ன தொழில்! யாரைக் கண்டு தெருவில் ஒதுங்கி நின்றேனோ அவர்களையெல்லாம் மொட்டையாகக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் ஓடி வந்தார்கள். நான்கு நாள் என் கால் ஓரிடத்தில் நின்றது. இதுதான் நமக்கு எழுதிவைத்த தொழில் என்று மனைவியிடம் சத்தியமே செய்தேன்.

ஐந்தாம் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. விடியற்காலையில் வண்டியில் மாமனாரும் ஏறிக்கொண்டார்.

“திருவண்ணாமலைக்கா மாமா?” (ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே ஒரு திருவண்ணாமலை உண்டு; அங்கே மலைமேல் இருப்பவர் பெருமாள்.)

“மலைப் பெருமாள அடுத்த சனிக்கெழமையும் பாக்கலாம். முன்சீப்ப இன்னிக்குத்தான் பாக்க முடியும். நம்ம கெணத்துக் கேஸுல்லா இன்னிக்கி! நம்ம வீட்டு ஆளே கூப்பிடப் போறாரு!” என்று வண்டிக்காரனிடம் பெருமையடித்தார்.

அந்த வழக்கில் வாதியே மாமனார்தான். யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று அவரும் யோசிக்கவில்லை. நானும் அதுவரை யோசிக்கவில்லை. பங்காளியோடு ஆறு வருஷமாக நடக்கும் வழக்கு. கிணறு போனால் தோட்டம் காயும். தோட்டம் காய்ந்தால் என் பிள்ளை குடிக்கிற பால் உட்பட எல்லாம் காயும். ஊர் போய்ச் சேரும்வரை வண்டியில் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக மாறி மாறி உட்கார்ந்தேன்.

“என்ன மாப்ளே, மூட்டைப்பூச்சியா?” என்றார் மாமனார்.

பழைய டவாலியைக் கூப்பிடச் சொல்லிவிடலாம் என்று கச்சேரிக்குள் ஓடினேன். அவர் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போயிருந்தார். வக்கீலைத் தேடினேன். அவர் மாடியில் வேறொரு வழக்கில் நின்றார். அதற்குள் உள்ளேயிருந்து மாமனார் பெயர் எழுதிய சீட்டு வந்துவிட்டது.

தாழ்வாரத்துக்கு வந்தேன். இருபது அடி தள்ளி வேப்பமரத்தடியில் மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்காளி படியருகிலேயே நின்றான்.

முதல் தரம் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டேன். சுவரில் இருந்த பல்லிக்குக் கேட்டிருக்கலாம்.

இரண்டாம் தரம் வாயைத் திறந்தேன்; காற்று மட்டும் வந்தது. கண்ணாலும் புருவத்தாலும் மாமனாருக்குச் சாடை காட்டினேன். அவர் அங்கிருந்தே கையை ஆட்டினார்.

“வேலையப் பாருங்க மாப்ளே! வீட்டுப் பேச்சுப் பொறவு பேசிக்கிடலாம்!”

பங்காளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே பார்த்து, “எசமான், ரெண்டு தரம் ஆயிருச்சு. வாதியக் காணும்!” என்றான்.

“என்னப்பா, வாதி உண்டா இல்லையா? தள்ளுபடி செய்யட்டுமா?” என்று முன்சீப் குரல் கொடுத்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்தப் பெயரை நான் எங்கே சொல்லியிருக்கிறேன்? ஒரே ஓர் இடத்தில்தான். தொட்டிலை நினைத்தேன். பொக்கை வாயை நினைத்தேன். தொண்டை தானாகத் திறந்தது.

“ஏலே இன்னாரூ! என்னலே முழிக்க? மீசையப் பாரு! வாலே இங்க!”

கச்சேரிக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பிவிட்டன. கண்ணைத் திறந்தேன். வெற்றிலை மென்ற வாய்கள் மெல்லாமல் நின்றன. மாமனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நிதானமாகப் படியேறி, என்னைத் தாண்டும்போது திரும்பாமலே, “இந்தா வாரேன்” என்றார்.

வழக்கு தப்பியது. அடுத்த வருஷம் கிணறும் எங்களுக்கே தீர்ந்தது. என் வேலை மட்டும் அன்று மத்தியானமே போயிற்று. முன்சீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “பெயரோடு மரியாதை சேர்க்கக் கூடாது என்றுதானப்பா விதி. அவமரியாதை சேர்க்கலாம் என்று யார் சொன்னது?”

திரும்பும்போது, வண்டி ஊர் எல்லைக்கு வந்ததும் மாமனார் மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். எங்களுக்கு முன்பே பங்காளி வந்து செய்தியைத் தெருத்தெருவாக விநியோகம் செய்திருந்தான்.

“பிள்ளையத்தான் திட்டுதேன்னு சொன்னியளே” என்றாள் மனைவி.

காது குத்தில் ‘பிள்ளையோட அப்பா என்ன பண்ணுதாரு’ என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வாரமே மாமனார் என்னைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடு ஓட்ட அனுப்பினார். (மாட்டை எப்படிக் கூப்பிட்டாலும் அதற்கு ரோஷம் கிடையாது.) முன்னால் போய்ப் பின்னால் வருவதுதான் அந்த வேலையே, என் காலுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. முப்பது வருஷம் ஓட்டினேன்.

நடுவில் ஒரு தடவை மாமனாருக்குக் கடுமையான காய்ச்சல். (பிறகு பிழைத்து நாலு வருஷம் இருந்தார், இல்லாவிட்டால் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வேனா?) இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. வைத்தியர், “யாராவது காதுகிட்ட சத்தமாக் கூப்பிடுங்க” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்தேன்.

“மாமா... மாமா... மாமா...”

மூன்றாவது தரத்துக்கு ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது.

“ஏலேயக் காணுமே மாப்ளே?”