அது பாட்டுக்கு ஓடட்டும்

"பாடம் நான்கு," என்றது ஸ்பீக்கர். "கொதிகலனில் அழுத்தம் கூடும்போது பதறக் கூடாது. முதலில் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்."

பிரசவ அறையில் இருந்த மூன்று பேரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். கட்டிலில் வலியோடு படுத்திருந்த மனைவி, அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸ், பென் டிரைவைச் செருகிய கையை எடுக்கவும் மறந்து நின்ற கணவன்.

"யார் சார் பேசறது? புது டாக்டரா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நான்தான் சிஸ்டர்."

சலவைத் தொழிற்சாலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சொந்தபந்தம் முழுக்க அவனை பாய்லர் என்றுதான் கூப்பிடும். லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவன், மூன்றாவது முறைக்காகப் பாடங்களைத் தானே வாசித்துப் பதிவுசெய்து, வீட்டில் காலையும் மாலையும் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டுகளும் அதே பென் டிரைவில்தான் இருந்தன. இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "பயத்துலயே இவங்களுக்கு பிரஷர் ஏறுது. பிரசவத்தன்னிக்கும் இப்படி ஏறிச்சுன்னா ஆபரேஷன்தான். மனசுக்கு இதமா ஏதாவது கேட்கட்டும்."

அன்றைக்கே பாய்லர் களத்தில் இறங்கிவிட்டான். லேசான வலிக்கு இருபது புல்லாங்குழல், நடுத்தர வலிக்கு முப்பது மெல்லிசை, கடைசிக் கட்டத்துக்கு டாக்டரே எழுந்து ஆடுகிற மாதிரி பதினான்கு தாள வாத்தியம் என்று அறுபத்து நாலு சேர்த்தான். ஒவ்வொன்றையும் மனைவிக்குப் போட்டுக் காட்டி, "இது எப்படி?" என்பான். "நல்லாத்தாங்க இருக்கு," என்பாள் அவள்.

இப்போது அடுத்ததற்கான பொத்தானை அழுத்தினான்.

"பாடம் ஐந்து. குழாய்களில் உப்பு படிதல்."

மறுபடி அழுத்தினான். பாடம் ஆறு. இன்னும் நாலைந்து முறை அழுத்தியதில் பாடத்திட்டமே முடிந்து, முதல் பாடத்தில் வந்து நின்றது.

"அட, நாசமாப் போச்சு," என்று தலையில் கைவைத்தான். "பாடத்தை ஏத்துறப்போ பாட்டையெல்லாம் அழிச்சுத் தொலைச்சுட்டேன் போல."

"விடுங்க," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அது பாட்டுக்கு ஓடட்டும்."

"பாட்டுதானே ஓட மாட்டேங்குது."

அறைக்குள் சிக்னல் இல்லை. மாடிப்படி முனைக்கு ஓடி மச்சினிக்கு போன் போட்டான். "வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்கு. சட்டுனு அனுப்பு, தாயே."

"இதோ மாமா," என்றாள் மச்சினி.

வந்ததை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து போனிலேயே அழுத்தினான்.

"பாடம் ஒன்று. கொதிகலன் என்றால் என்ன?"

மறுபடி வெளியே பாய்ந்தவனை நர்ஸ் வாசலில் மறித்தாள். "இன்னொரு தடவை வெளியே போனீங்கன்னா உள்ளே விட மாட்டேன் சார். இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

"அப்ப ஒரு ரேடியோவாவது கொடுங்க சிஸ்டர்."

நர்ஸ்களின் அறையிலிருந்து ரேடியோ வந்தது. அதில் ஒரே ஒரு நிலையம்தான் எடுத்தது. நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்ததையும், புயல் சின்னம் நகர்வதையும், மேம்பாலத்தில் விரிசல் கண்டதையும் ஓர் அம்மாள் நிதானமாகச் சொன்னார். நர்ஸ் பிரஷரைப் பார்த்தாள். ஏறியிருந்தது.

"அணைங்க சார் அதை," என்றாள்.

வேறு வழியில்லை. பாய்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே பாட ஆரம்பித்தான். லேசான வலிக்கான முதல் பாட்டு. அவன் குரலில் அது நடுத்தர வலியாகவே வெளிவந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் போனது. பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிரஷர் இன்னும் ஏறியது.

அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்தார். அளவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இப்படியே போனா தாங்காது. பத்து நிமிஷம் பார்ப்போம். இல்லேன்னா தியேட்டருக்குக் கொண்டுபோயிடலாம்."

அறுபத்து நாலு பாட்டு சேர்த்தும் ஒன்றுகூட உதவவில்லையே என்று முணுமுணுத்தான் பாய்லர். சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

"சிஸ்டர்," என்றாள் மனைவி மெதுவாக. "முதல்ல ஓடிச்சே, அதையே போடுங்க."

நான்காம் பாடம் வரும்வரை நர்ஸ் பொத்தானை அழுத்தினாள்.

"கொதிகலனில் அழுத்தம் கூடும்போது பதறக் கூடாது. முதலில் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். காற்று உள்ளே வரும் வழியைத் திறக்கவும். சிறிது பொறுக்கவும். நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றவும்."

அவள் மூச்சை இழுத்தாள். பொறுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார்.

"இறங்குது டாக்டர்," என்றாள் நர்ஸ்.

"அப்ப யாரும் அதைத் தொடாதீங்க."

குழாய்களில் உப்பு படிந்தது. நீர்மட்டக் கண்ணாடி துடைக்கப்பட்டது. அடுப்பின் கதவைத் திறக்குமுன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது இப்போது நர்ஸுக்கும் தெரிந்திருந்தது. பாய்லர் சுவரோரத்திலிருந்து வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் அவன் விரல்தான் நசுங்கியது.

"பாடம் ஏழு," என்றது ஸ்பீக்கர். "பாதுகாப்பு வால்வு திறக்கும்போது பலத்த சத்தம் எழும். பயப்பட வேண்டாம். எல்லாம் சரியாக இயங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்."

வீல் என்று எழுந்தது சத்தம்.

"பொண்ணு," என்றார் டாக்டரம்மா.

பாய்லர் ஸ்பீக்கரை அணைக்கப் போய், பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்து, குளிப்பாட்டிச் சுற்றிய குழந்தை தாயின் பக்கத்தில் கிடந்தது. பாய்லர் கட்டிலோரம் உட்கார்ந்து மெல்லச் சொன்னான். "மன்னிச்சுக்கோம்மா. ஊரே நல்ல பாட்டு கேட்டுப் பிள்ளை பெத்துக்குது. உன்னை பாய்லர் ரூம்ல பெத்துக்க வச்சுட்டேன்."

அவள் சிரித்தபடியே தூங்கிப் போனாள்.

கதவைத் திறந்துகொண்டு மச்சினி வந்தாள். நேரே குழந்தையிடம் போய்க் குனிந்து, அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வாம்மா," என்றான் பாய்லர், சத்தத்தை அடக்கி. "உயிர் போற நேரத்துல பாட்டு கேட்டா பாடத்தை அனுப்பி வைக்கிறே. என் பக்கம்தான் தப்பு நடந்துபோச்சு, நீயாவது பார்த்து அனுப்பக் கூடாதா?"

மச்சினி குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"போன வாரமே பென் டிரைவ்லயும் கம்ப்யூட்டர்லயும் பாட்டையெல்லாம் அழிச்சுட்டு பாடத்தை மட்டும் வைக்கச் சொன்னது அக்காதான் மாமா, பிரசவத்தன்னிக்கு உங்க குரல் கேட்டாத்தான் பயமில்லாம இருக்குமாம்."