ஐம்பத்தைந்து ஏ.ஏ. அவர்களின் கையொப்பம்

ஒரு மனிதன் பிறந்தானா இல்லையா என்பதை அவனே சொல்லிவிட முடியாது. அவன் எதிரில் நின்று தும்மினாலும் இருமினாலும் அவை வதந்தி வகையைச் சேர்ந்தவை. பிறப்புப் பதிவு அலுவலகம் ஒரு தாளை அளித்த பிறகே அவன் பிறந்தவனாகிறான். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. பிறந்து எழுபத்தொரு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தாள் கிடைக்காததால், முதியோருக்கான பேருந்துச் சலுகை எனக்குக் கிட்டாமலிருந்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பதிவு அலுவலகம் ஒரு கணினியை வாங்கியது. பழைய பதிவேடுகளில் இருந்த பிறப்புகள் அனைத்தும் அதில் ஏற்றப்பட்டன. ஏற்றி முடித்த கையோடு, இடநெருக்கடி கருதி, பதிவேடுகள் கொளுத்தப்பட்டன. கூடவே ஓர் ஆணையும் வெளிவந்தது: 'பிறப்புச் சான்றிதழ், இயந்திரம் எண் ஒன்றிலிருந்து மட்டுமே வழங்கப்படும்.' பின்னாளில் வந்த கணினிகள் எண் இரண்டு, எண் மூன்று என்று வரிசையாக அமர்ந்து, அலுவலர்களின் சீட்டாட்டத்துக்குத் துணைநின்றன.

சென்ற ஆண்டு எண் ஒன்றில் பிறப்புகளைச் சேமித்து வைத்திருந்த வன்தட்டு கரகரவென்று ஒலியெழுப்பி ஓய்ந்தது. பழைய வானொலிகளையும் கணினிகளையும் பழுதுபார்க்கும் ஒருவரை அழைத்தார்கள். ரேடியோக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். அவர் இறந்த தட்டிலிருந்து பிறப்புகளை ஒன்றுவிடாமல் மீட்டு, புதிய தட்டொன்றில் ஏற்றினார். ஆனால் பழைய கணினிக்குப் புதிய தட்டை அடையாளம் தெரியவில்லை. வாசலில் வந்து நிற்கும் சம்பந்தியைப் பார்த்து 'யார் வேணும்?' என்று கேட்பதுபோல் விழித்தது.

"புது மிஷின்ல இதை மாட்டினா இப்பவே படிச்சுடலாம் சார்" என்றார் ரேடியோக்காரர்.

"ஆணையில என்னய்யா போட்டிருக்கு? எண் ஒன்று" என்றார் கண்காணிப்பாளர். "ஒன்றுன்னா ஒன்றுதான்."

"அப்போ இன்னொரு வழி இருக்கு" என்று ரேடியோக்காரர் கணினியின் வயிற்றைத் திறந்து காட்டினார். உள்ளே செருகியிருந்த ஓர் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தது. சொந்தமாகக் கட்டளைகள் எழுதிய ஒரு சில்லை, அதாவது சிப்பை, அதில் பொருத்தலாமாம். கணினி கண்விழிக்கும்போதெல்லாம் அந்தக் குழியை எட்டிப் பார்க்கும். சில்லு இருந்தால், அது சொல்வதைக் கேட்டு நடக்கும். புதிய தட்டோடு பேசும் முறையைச் சில்லில் எழுதிவிட்டால் தீர்ந்தது.

"யார் எதை எழுதி வெச்சாலும் கேட்டுக்குமா?"

"மூணே மூணு பார்க்கும் சார். தலையில கையெழுத்து இருக்கா, நீளம் எவ்வளவுன்னு போட்டிருக்கா, எல்லாத்தையும் கூட்டினா முடிவுல பூஜ்யம் வருதா. இந்த மூணும் சரியா இருந்தா, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு அது கேக்கறதே இல்லை."

"ரொம்ப நல்ல இயந்திரம்" என்றார் கண்காணிப்பாளர், மனம் நெகிழ்ந்து.

நிற்க. இந்த உரையாடலை நான் வாசலுக்கு அருகிலிருந்த பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் தையல்காரம்மா அமர்ந்திருந்தார். மருத்துவமனையில் போர்வைக்கும் நோயாளிகளின் அங்கிக்கும் விளிம்பு தைக்கும் வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தினக்கூலிக்குச் செய்துவந்தவர். இப்போது அந்த இடத்தை நிரந்தரமாக்கி, அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் பிறப்புச் சான்றிதழ் வந்தாக வேண்டும். தவறினால் வேலை வேறொருவருக்கு. தையல்காரம்மாவுக்கு வயது முப்பத்தொன்பதும் பதினொரு மாதமும். மாதக் கடைசிக்கு இருபது நாள் இருந்தது.

"எத்தனை நாள் ஆகும் அண்ணே?" என்று ரேடியோக்காரரைக் கேட்டார்.

"எழுதி முடிச்சாச்சு தங்கச்சி. பொருத்தப் பத்து நிமிஷம்."

அவர் சில்லை எடுத்துக் காட்டினார். அதன் முதுகில் கடுகளவு கண்ணாடிச் சன்னல் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எழுதியதை அழிக்க வேண்டுமானால் காகிதத்தை உரித்துவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழே இருபது நிமிடம் வைப்பார்களாம். வெயிலில் கிடந்தாலும் நாளடைவில் அழிந்துவிடுமாம்.

"வெளிச்சம் பட்டா எல்லாம் மறந்துபோயிடுமா!" என்றார் தையல்காரம்மா, மூடியே கிடந்த விசாரணைச் சன்னலைப் பார்த்து. "அதான் இவங்களும் இதைத் திறக்கறதே இல்லை போல."

பத்து நிமிட வேலை என்பதால் அலுவலகம் அதற்கு ஒரு கோப்பைத் திறந்தது. சில்லில் எழுதியிருப்பதன் நகலைக் கண்காணிப்பாளர் முதல் வரியிலிருந்தே ஆராய்ந்தார். முதல் வரியே அவரைத் திடுக்கிடச் செய்தது.

"ஐம்பத்தைந்து ஏ.ஏ. யாருய்யா இது?"

"அதுதான் சார் தலையில இருக்கிற கையெழுத்து."

"யாரோட கையெழுத்து?"

"யாரோடதும் இல்லை. இயந்திரங்களுக்குள்ள ஓர் அடையாளம். 55, அப்புறம் AA. அது இருந்தாத்தான் நம்பும்."

"அப்படின்னா ஊர் பேர் தெரியாத ஒருத்தர் கையெழுத்துப் போட, அரசாங்க இயந்திரம் அதை நம்பணும். நான் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கேன்?"

பெஞ்சில் இருந்த நாங்கள் அனைவரும் இதே கேள்வியை நெடுநாளாக மனத்துள் வைத்திருந்தோம்.

கண்காணிப்பாளரின் ஆணைப்படி, 55 AA நீக்கப்பட்டு, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டு அங்கே பொறிக்கப்பட்டன. சில்லைப் பொருத்தினார்கள். கணினி கண்விழித்தது, குழியை எட்டிப் பார்த்தது, அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தன் வழியே சென்றது.

"என் கையெழுத்தை மதிக்கலை" என்றார் கண்காணிப்பாளர்.

அன்று மாலையே இயந்திரம் எண் ஒன்றின் நெற்றியில் ஒரு குறிப்பாணை ஒட்டப்பட்டது: 'மேலலுவலரின் கையொப்பத்தை அங்கீகரிக்கத் தவறியமைக்கு உம்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' ஏழு நாட்கள் சென்றன. இயந்திரம் விளக்கம் அளிக்கவில்லை. இயந்திரத்துக்கு நினைவூட்டு ஒன்று அனுப்பப்பட்டது. தையல்காரம்மாவுக்கு மீதமிருந்தவை பதின்மூன்று நாட்கள்.

"நான் வேணா அது சார்பா விளக்கம் எழுதித் தரட்டுமா?" என்றார் அவர். "ஏழாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்."

இறுதியில் தலைமையகத்திலிருந்து வழி பிறந்தது. கையொப்பத்தை மாற்ற இயலாதெனில், கையொப்பமிடுபவரை முறைப்படுத்திக்கொள்ளலாம். அவ்வாறே, 'திரு. ஐம்பத்தைந்து ஏ.ஏ. என்பார் மறு ஆணை வரும்வரை இவ்வலுவலகத்தின் தற்காலிகக் கையொப்ப அலுவலராக நியமிக்கப்படுகிறார்' என்று ஆணை வெளியாகி, கையொப்பமிட அதிகாரம் பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்து, எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றுக்குச் சென்றது. அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள். நாள்தோறும் தவறாமல் காலியாக இருந்த நாற்காலி அது ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. இப்படியாகப் பழைய 55 AA சில்லின் தலைக்குத் திரும்பியது.

அடுத்து வந்தவர் தணிக்கை அலுவலர். கூட்டலைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"எண்ணாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எழுத்து. கூட்டினா பூஜ்யமா?"

"பூஜ்யம் வர்ற மாதிரி கடைசி எழுத்தை நான்தான் சார் போட்டேன். அப்பத்தான் நடுவுல எதுவும் கெடலைன்னு மிஷினுக்குத் தெரியும்."

"வேணும்னே பூஜ்யமாக்கினீங்க?"

"ஆமா சார். எவ்வளவு எழுதினாலும் முடிவு பூஜ்யமா இருக்கணும். அதுதான் விதி."

தணிக்கை அலுவலர் அலமாரியிலிருந்து அந்த அலுவலகத்தின் பத்தாண்டு ஆண்டறிக்கைகளை எடுத்துப் புரட்டினார். 'இவ்வலுவலக நடைமுறையோடு முற்றிலும் ஒத்துப்போகிறது' என்று எழுதிவிட்டுச் சென்றார். மீதம் ஆறு நாட்கள்.

அந்தச் சமயத்தில் தலைமையகத்தில் தொன்மை மோகம் பரவியிருந்தது. பழைய தட்டச்சு இயந்திரங்களுக்கு வெல்வெட்டு விரித்துக் கூடத்தில் வைத்தார்கள். எங்கள் கண்காணிப்பாளரும் ஓடாத ஒரு பைக்கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்து அணிந்துகொண்டு, மணி என்னவென்று மற்றவர்களைக் கேட்டுவந்தார். எனவே இயந்திரம் எண் ஒன்று 'தொன்மைச் செல்வம்' என அறிவிக்கப்பட்டு, அதன் மறுபிறப்பை விழாவாகக் கொண்டாட முடிவாயிற்று. அது கண்விழித்ததும் திரையில் ஒரு வரவேற்புரை தோன்ற வேண்டும். அதையே அச்சிட்டு வந்தவர்களுக்கு வழங்க வேண்டும். அதில் எல்லா அலுவலர்களின் பதவிகளும் வரிசை பிசகாமல் இடம்பெற வேண்டும்; அடியில் தற்காலிகக் கையொப்ப அலுவலரின் கையொப்பமும் வேண்டும்.

"இடம் பத்தாது சார்" என்றார் ரேடியோக்காரர்.

"எவ்வளவு இடம் இருக்கு?"

"எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்துத்தான். தமிழ் எழுத்தோட உருவம் ஒவ்வொண்ணையும் புள்ளி புள்ளியா உள்ளே வெக்கணும். அதுக்கு மேல பதவிகள், பூ வேலைப்பாடு போட்ட கரை..."

"மீதி இடத்துல என்ன இருக்கு?"

"தட்டோட பேசற பகுதி சார். வேலை செய்யறதே அதுதான்."

"அதை எடுத்துடுங்க."

"சார்!"

"வரவேற்பு முடிஞ்சு இடம் மிஞ்சினா வேலையையும் சேர்த்துக்கலாம். நான் வேண்டாம்னு சொல்லலையே?"

இடம் மிஞ்சவில்லை. இணைக் கண்காணிப்பாளரும் உதவி இணைக் கண்காணிப்பாளரும் தங்கள் பதவிகளுக்கு முன்னால் 'மாண்பமை' சேர்க்கச் சொன்னார்கள். பூக்கரையில் கொஞ்சம் உதிர்க்க வேண்டியதாயிற்று. ரேடியோக்காரர் தம் முதல் சில்லை அழிக்க மனமில்லாமல் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வேறொரு சில்லில் வரவேற்பை எழுதினார்.

மாதத்தின் கடைசி நாள் விழா. கண்காணிப்பாளர் பொத்தானை அழுத்தினார். கணினி கண்விழித்தது, குழியை எட்டிப் பார்த்தது, கையொப்பம் இருந்தது, நீளம் இருந்தது, கூட்டினால் பூஜ்யம் வந்தது. திரை நிறையப் பதவிகள் தோன்றின. அச்சுப்பொறி கீச்சிட்டுக்கொண்டு ஆளுக்கொரு தாள் தந்தது. பிறகு எல்லாம் நின்றது. அதன் பின் நடப்பதற்குச் சில்லில் ஒன்றும் எழுதப்படவில்லை. கைதட்டல் வெகுநேரம் நீடித்தது.

"என் சான்றிதழ்?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"உங்க கையில தாள் இருக்கே அம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"இது உங்க விழாக் காகிதம். நான் பிறந்தது எப்போன்னு இதுல எங்க இருக்கு?"

"அதுக்குத் தனியா மனு கொடுங்க."

மருத்துவமனையில் நியமனக் கோப்பை மூட இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. தையல்காரம்மா அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு நடந்தார். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வருவதே அவர் நோக்கம் என்று பின்னர் என்னிடம் சொன்னார். ஆனால் அங்கிருந்த எழுத்தர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தாளை வாங்கினார். தலையில் 'பிறப்புப் பதிவு அலுவலகம்' என்று இருந்தது. நடுவே, 'இத்திருநாளில் பிறப்பெடுத்து' என்ற சொற்களும் தேதியும் இருந்தன. அடியில் திரு. 55 ஏ.ஏ. கையொப்பமிட்டிருந்தார். எழுத்தர் சுற்றுக்கு வந்த பட்டியலைப் புரட்டினார், பெயர் இருந்தது. பக்கங்களை எண்ணினார், ஒன்று.

"பிறந்த நாள் இன்னைக்கா?" என்றார் நிமிராமல்.

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் தையல்காரம்மா.

"நாற்பதுக்குள்ளதான். சரியா இருக்கு."

இவ்வாறாகத் தையல்காரம்மா பிறந்த அன்றே நிரந்தரப் பணியில் சேர்ந்தார். பதினெட்டு வயது நிறையாதவர் ஆதலால் சம்பளப் பட்டியலில் காப்பாளர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும் என்று பின்னர் ஒரு கடிதம் வந்தது. மாதந்தோறும் அவருடைய பத்தொன்பது வயது மகள் சென்று கையொப்பமிட்டு வருகிறாள். "ஒழுங்கா வேலை பாரும்மா, நான்தான் பொறுப்பு" என்று மகள் மிரட்டுவதாகக் கேள்வி.

செய்தி பரவியது. பதிவு அலுவலகத்தின் வாசலில் கூட்டம் கூடியது. ஓய்வு நெருங்கியவர்கள், மணமகள் தேடித் தேடி நரைத்தவர்கள், போட்டித் தேர்வுக்கு வயது கடந்தவர்கள் என எல்லோருக்கும் ஒரே பிறந்த நாள் வழங்கப்பட்டது. ஒரு காலையில் ரேடியோக்காரர் பழைய சில்லோடு வந்தார்.

"விழாதான் முடிஞ்சுபோச்சே. இதை மாட்டினா பத்து நிமிஷத்துல அவங்கவங்க நிஜமான பிறந்த தேதி வந்துடும்."

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. "உமக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்றார் ஒருவர். "நல்லா ஓடிட்டிருக்கிற மிஷினைக் கெடுக்க வந்துட்டாரு" என்றார் இன்னொருவர். சில்லைப் பிடுங்கி, காகிதத்தை உரித்து, உச்சி வெயிலில் மதிற்சுவர் மேல் வைத்தார்கள். அவருக்கு அலுவலக நுழைவைத் தடைசெய்யக் கோரி அங்கேயே ஒரு மனு எழுதப்பட்டது. முதல் கையொப்பம் என்னுடையது.

இப்போது எனக்கு ஒன்பது மாதம். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பேருந்தில் சீட்டு வேண்டியதில்லை என்பதால் சலுகையைக் காட்டிலும் இது மேலானது. சென்ற வாரம் நடத்துநர் என் தாளை வாங்கித் தலையைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், கடைசியில் என் வாயைப் பார்த்தார்.

"பல்லு இன்னும் முளைக்கலை போல" என்று திருப்பித் தந்தார். நான் காலியாக இருந்த இருக்கையில் அமரப் போனேன்.

"அங்க உட்காராதீங்க. குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. பெரியவங்க யார் மடியிலயாவது உட்காருங்க."

சுற்றிலும் பார்த்தேன். இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன; பயணிகள் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கண்காணிப்பாளரும் நின்றிருந்தார், ஓடாத கடிகாரத்தோடு.

"பெரியவங்க ஒருத்தர்கூடவா இல்லை?" என்று நடத்துநர் உரக்கக் கேட்டார்.

எல்லோரும் ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். ஓட்டுநர் திரும்பியே பார்க்கவில்லை. ரேடியோக்காரரைத் தடைசெய்யக் கோரிய மனுவில் பதினேழாவது கையொப்பம் அவருடையது.