கழித்தல் குறி கெடுத்த பேனர்

பட்டம் கிடைக்குமுன் பேனர் கட்டுபவர்கள் கணிதம் படித்திருக்க மாட்டார்கள். படித்த நான் அதைத் தடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் முனைவர் ஆய்வு மீச்சமச்சீர் (சூப்பர்சிமெட்ரிக்) வகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றியது. ஒரு சமன்பாட்டை முழுமையாகத் தீர்க்க முடியுமா என்று சோதிக்க, அதற்குள் மறைந்திருக்கும் சமச்சீர்மைகளைத் தேட வேண்டும். உயர்வரிசையில் ஒன்று அகப்பட்டாலே நல்ல அறிகுறி. யாரும் தொடாத ஒரு சமன்பாட்டில் எனக்கு அகப்பட்டது. வாய்மொழித் தேர்வில் தேறினால், ஈப்போ நகரக் கல்லூரியில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

அக்கா கணவரிடம் சொன்னேன் (வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்). சுங்காய் பக்கம், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் வாசலில் என் படத்தோடு பேனர் ஏறியது: ‘டாக்டர் பட்டம் பெற்ற எங்கள் தோட்டத்து மைந்தர்.’

“மச்சான், இன்னும் தேர்வே நடக்கலையே!”

“திருவிழா பேனரோட சேத்து அடிச்சிட்டேன் மாப்ள. நீ போயி பாஸ் பண்ணிட்டு வா லா, அதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?”

தேர்வன்று ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்து பின்வரிசையை நிரப்பினார்கள். அக்கா மடியில் முறுக்கு டின்.

தேர்வாளர் அம்மையார் மெல்லிய குரலில் கேட்டார்: “இந்த ரெண்டும் ஒற்றை வகை மாறிகள்தானே? இடம் மாத்தியிருக்கீங்க. கழித்தல் குறி எங்க?”

மீச்சமச்சீர் கணிதத்தின் பாலபாடம் அது. சாதாரண எண்களை இடம் மாற்றிப் பெருக்கினால் ஒன்றும் ஆகாது; ஒற்றை வகை மாறிகளை மாற்றினால் குறியும் மாறும். போர்டில் குறியைப் போட்டேன். ஒன்றையொன்று அடித்து மறைய வேண்டிய இரண்டு உறுப்புகள் கைகோத்து இரட்டிப்பாயின. என் சமச்சீர்மை செத்துப்போயிற்று. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியை வியப்பு என்று நினைத்த மச்சான் எழுந்து கைதட்டினார். வேனில் வந்த அத்தனை பேரும் தட்டினார்கள்.

வேலை வேறொருவருக்குப் போனது. நான் டியூஷன் சென்டரில் பின்னம் நடத்துகிறேன். பேனர் அக்கா வீட்டு மோட்டார் சைக்கிளை மழையிலிருந்து காக்கிறது. என் முகத்தில்தான் தண்ணீர் தேங்கும்.

இன்றும் விசேஷ வீட்டில் யாராவது நாற்காலி மாறினால் போதும். “ஏய், தம்பிகிட்ட கேட்டுட்டு மாறு லா. மைனஸ் வந்துரப் போவுது!” என்பாள் அக்கா. எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான்.

மனிதர்கள் இடம் மாறினால் குறி மாறாது என்று ஒருமுறை விளக்கப் பார்த்தேன். கல்லூரியில் என் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.