முதலை ஜோக்கும் மூளைக் குழாயும்

என் அன்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, ஆறு வயது வாயாடி மகள், அவள் தலைக்குள் புதிதாகக் குடிவந்த குழாய், நால்வரும் நலம். அங்கே நீ, அத்தான், அத்தானின் முழங்கால் மூவரும் நலமென்று நம்புகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் ஆபரேஷனா என்று நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முழுசாகச் சொல்கிறேன், கேள். மண்டைக்குள் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கிவிட, கைக்குழந்தையிலேயே வாயாடிக்குக் குழாய் வைத்தது உனக்குத் தெரியும். அது அடைத்துக்கொண்டால் தலைவலி, வாந்தி, அசதி வரும், உடனே தூக்கி வாருங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அவள் கொட்டாவி விட்டாலே நான் பையோடு ஓடுகிறவனாகிவிட்டேன். ஒரு தடவை வாந்திக்குக் காரணம் அரை டப்பா பிஸ்கட். இன்னொரு தடவை அசதிக்குக் காரணம் வீட்டுப்பாடம். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என்னைக் கண்டாலே, "வாங்க சார், இன்னிக்கு விக்கலா?" என்பார். இனி தன்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்கக் கூடாதென்று என் மனைவி உத்தரவே போட்டாள்.

அந்த நிலையில்தான் போன செவ்வாய்க்கிழமை காலை, பால் குடித்துக்கொண்டிருந்தவளிடம் பல் டாக்டரிடம் போன முதலை ஜோக்கை எடுத்துவிட்டேன். உன் கல்யாணத்தில் நான் சொல்ல, அத்தான் வீட்டார் பாதியில் எழுந்து போனார்களே, அதேதான். முதலை நாற்காலியில் உட்காருவதற்குள் வாயாடி, "ஐயோ அப்பா, போதும்" என்று காதைப் பொத்திக்கொள்வாள். அன்றைக்குக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள்.

என் ஜோக் நன்றாக இருக்கிறதென்று இந்த வீட்டில் சுயநினைவோடு யாரும் சொன்னதில்லை. குழாய் அடைத்துக்கொண்டது என்று கத்தினேன். "புள்ள ஒரு நாள் மரியாதையா பேசினா அது வியாதியா?" என்று மனைவி கேட்கக் கேட்க, வாயாடியை அள்ளி வாடகைக் காரில் போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தலை வலிக்கிறதென்று முனகி, வாட்ச்மேன் ஷூவிலேயே வாந்தி எடுத்தாள். மனிதர் விக்கலைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஷூவோடேயே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஸ்கேனில் குழாயின் மேல் முனை அடைத்திருந்தது, சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். முதலையிலிருந்து ஆரம்பித்தேன், பாதியில் அவருக்கு அவசரக் கேஸ் வந்துவிட்டது.

மறுநாள் கண் விழித்தவளிடம் அதே முதலையைக் கூட்டிவந்தேன். நாற்காலிகூட வரவில்லை. "ஐயோ அப்பா, போதும்" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்க நான் அழுதேன். மனைவி சிரித்தாள்.

அத்தானுக்கு வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு, குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஜோக்கால் நோயறியும் உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாயாடி சொல்கிறாள்: "அப்ப எனக்குத் தலையே வலிக்கலப்பா. கார்லதான் வலிச்சுது. முதலை மாதிரி நீங்க வாயத் தொறந்தப்ப உங்க கட்டின பல்லு என் பால் டம்ளர்ல விழுந்துச்சுல்ல, அதான் நல்லா இருந்துச்சு." பல்லைப் பற்றி அத்தானிடம் மூச்சு விடாதே. மறுபடியும் விழவைக்கச் சொல்லி டம்ளரோடு நிற்கிறாள்.