ஊருக்கொரு தவளை

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறவன் பிழைவிட மாட்டான் என்று பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். நான் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதினேன். ஒரு முழுப்பக்கம் எழுதினேன். அதில் சரியாக இருந்தவை ஊர்ப் பெயர்கள் மட்டும்தான்.

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் நான் தற்காலிக நிருபர். அந்த மாரி முடிவதற்குள் என்னை நிரந்தரமாக்குவதா, அப்பாவின் புகையிலைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவதா என்று ஆசிரியர் முடிவெடுப்பதாக இருந்தது. (அப்பா ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். எனக்கென்று ஒரு மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வைத்திருந்தார்.)

ஐப்பசி மழை பிடித்ததும் குடாநாடு முழுக்கத் தவளைச் சத்தம். ஆசிரியர் யன்னல் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, தவளையைப் பற்றி ஞாயிறுப் பதிப்புக்கு ஒரு கட்டுரை தாரும். எங்கை எங்கை என்ன தவளை இருக்குதெண்டு போய்ப் பாத்து எழுதும்."

எனக்கு அதுவரை தெரிந்த ஒரே வேலை ஊர்ச் செய்தி. ஒவ்வொரு ஊரின் பெயரையும் தடித்த எழுத்தில் போட்டு, அதன் கீழே நாலு வரி எழுதுவது. தன் ஊர்ப் பெயரைக் கண்டால்தான் நம்மவர் பத்திரிகை வாங்குவார். தவளைகளையும் அதே முறையில் எழுதுவதென்று சைக்கிளில் புறப்பட்டேன்.

வயலிலும் குளத்திலும் இருந்த தவளைகள் குடையுடன் நான் வருவதைக் கண்டதும் தண்ணீருக்குள் பாய்ந்து பேட்டி தர மறுத்துவிட்டன. அசையாமல் இருந்து ஒத்துழைத்தவை மரத்தில் ஏறுகிற தவளைகள் மட்டும். நீர்வேலியில் வாழைமடலுக்குள் மஞ்சளாக ஒன்று. பண்டத்தரிப்பில் பனையடியில் கடும் மண்ணிறமாக ஒன்று. அளவெட்டியில் ஒரு கோயிலின் சுண்ணாம்புச் சுவரில் பால்வெள்ளையாக ஒன்று. குருநகரில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டுக் கிணற்றுக்கட்டில் சாம்பல் நிறத்தில் ஒன்று. நாலு ஊர், நாலு நிறம், ஆகவே நாலு இனம். என் அறிவு அந்த வேகத்தில்தான் வேலை செய்தது.

கட்டுரை வந்தது. ஊர்கள் அதை மிகவும் கௌரவமாக எடுத்துக்கொண்டன. நாதஸ்வரத்துக்குப் பெயர்போன அளவெட்டியிலிருந்து ஒருவர், தங்கள் தவளையின் குரலில் சுருதி சுத்தமாக இருப்பதை நான் எழுதாமல் விட்டதைக் கண்டித்தார். சுன்னாகத்திலிருந்து ஒருவர் பத்திரிகைக் கந்தோருக்கே வந்து, "எங்கடை ஊரிலை ஒரு தவளைதானும் உங்கடை கண்ணிலை படேல்லையோ?" என்று கேட்டார்.

இவர்களுக்குப் பின்னால் வந்தவர்தான் என் சனியன். பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பிக்கும் மாஸ்டர். சந்தேகப்பட்டு வந்திருந்தால் நான் சுதாரித்திருப்பேன். அவர் மகிழ்ச்சியோடு வந்தார்.

"நாலும் நாலு இனமெண்டால் இது பெரிய விசயம். நான் கொழும்புக்கு அறிவிக்கவேணும். உயிரோடை ஒருக்காக் காட்டுவீரோ?"

நான் வாய் திறக்குமுன் ஆசிரியர் சொன்னார்: "காட்டுவார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ." அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மடை தவளை நாலும் நிண்டால் நீரும் நிப்பீர்."

மறுபடி நாலு ஊருக்கும் சைக்கிள். நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் தானே இறங்கி ஒன்றைப் பிடித்துத் தந்தார்.

"பேப்பரிலை வந்த எங்கடை தவளையெல்லே? கவனமாக் கொண்டு போம். மற்ற ஊர்த் தவளையளோடை ஒண்டாப் போட்டிடாதையும்."

"இல்லை அண்ணை, தனியத்தான் வைப்பன்."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே ஈரச்சாக்கு விரித்து, மூடியில் துளை போட்டு, நாலையும் அதற்குள்ளேயே விட்டேன். வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்தறியக் கண் போதாதா?

வெள்ளி பின்னேரம் ஆசிரியரின் மேசையில் தகரத்தை வைத்து, மந்திரவித்தைக்காரனைப்போல மூடியைத் திறந்தேன்.

உள்ளே நாலு தவளைகள். நாலும் ஒரே மண்ணிறம்.

யாரோ தகரத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தகரம் என்னுடையதுதான். தவளைகளையே மாற்றிவிட்டார்களோ? (அந்தப் பட்டணத்தில் யார், எதற்காக என்ற கேள்வி அப்போது தோன்றவில்லை.)

"எது நீர்வேலி?" என்று மாஸ்டர் ஆவலோடு குனிந்தார்.

"இது நீர்வேலி, சேர். பக்கத்திலை அளவெட்டி. மேலை ஏறியிருக்கிறது பண்டத்தரிப்பு. மூலையிலை குருநகர்."

"எப்பிடிப் பிரிச்சறியிறீர்?"

"முகத்திலை, சேர்."

அந்த நேரம் பார்த்து இரண்டு தவளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடம் மாறின. மாஸ்டர் மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன்.

"தம்பி, இப்ப நீர்வேலியெண்டது முதல் குருநகரெல்லே?" என்றார் ஆசிரியர்.

நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது பண்டத்தரிப்பு ஒரே பாய்ச்சலில் வெள்ளைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அது அங்கேயே இருக்கட்டும் என்று மூடியைப் போட்டோம். தேத்தண்ணி வந்தது. மாஸ்டர் தவளைகளின் கால்விரல்களைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தார். நான் மண்வெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவரில் பால்வெள்ளையாக ஒரு தவளை!

"சேர், அங்கை பாருங்கோ! அளவெட்டி!"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். பிறகு மூடியை நீக்கித் தகரத்தைப் பார்த்தார். "உள்ளுக்கை மூண்டு. சுவரிலை ஒண்டு. நாலும் சரிதானே?"

"இல்லை, சேர். அளவெட்டி எப்பிடியோ வெளியிலை வந்திட்டுது. பண்டத்தரிப்பைத்தான் காணேல்லை."

சொன்னதோடு நிற்காமல் மேசைக்குக் கீழே தவழ்ந்து போய்த் தேடத் தொடங்கினேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். பழைய பத்திரிகைக் கட்டுகளை இழுத்தேன். பண்டத்தரிப்பு வெளியே போய்விட்டதென்றால், அளவெட்டி எப்போது ஏறியது? அளவெட்டி சுவரில் என்றால், தகரத்துக்குள் நான் அளவெட்டி என்று காட்டியது யாரை? மேலே மாஸ்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, எழும்பும்," என்றார் ஆசிரியர். "பண்டத்தரிப்பு சுவரிலைதான் இருக்கு. வெள்ளையடிச்சுக்கொண்டிருக்கு."

இருட்டிலும் ஈரத்திலும் இருந்தால் அது கறுக்குமாம். வெளிச்சத்தில் வெளிறுமாம். எல்லாம் ஒரே இனம். மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். தலையாட்டிய எனக்கு, ஒரு தவளை இன்னும் மேசைக்குக் கீழே இருப்பதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் போனதும் ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"திருத்தம் எழுதும். நாலு தவளைக்கு ஒரு முழுப்பக்கம் எடுத்தனீர். ஒண்டுக்குக் கால்பக்கம் காணும்."

"பிறகு நான் வீட்டை போறதோ, ஐயா?"

"கோட்டுக்குப் போம். திங்கள் தொடக்கம் நீர் நீதிமன்ற நிருபர். அங்கை ஆக்கள் எவ்வளவு நிறம் மாறினாலும் கோட்டு முதலியார் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். உமக்கு உது உதவியாயிருக்கும்."

அப்படித்தான் நிரந்தரமானேன். ஓய்வுபெறும்வரை நீதிமன்றத்திலேயே இருந்தேன். என் திருத்தத்தை மூன்று ஊர்கள் ஏற்றுக்கொண்டன. மற்ற மூன்றும் ஒன்றாக இருக்கலாம், தங்களுடையது வேறு என்று அளவெட்டிக்காரர் சொல்லிவிட்டார்.

வீட்டில் விசயம் அதோடு முடியவில்லை. நான் புதுச்சேட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் போதும், மனைவி குசினியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "பிள்ளையள், ஓடி வாங்கோ! புது இனமொண்டு வந்திருக்கு!"

மகள் ஓடிவந்து, சேட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்பாள்:

"நீங்கள் எந்த ஊர், அப்பா?"