மேகத்தின் தொப்பி

மணி அடிக்கவில்லை.

தலையில் தொப்பியோடு சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேகம், தொப்பி விளிம்பில் தொங்கிய குட்டி மணியை ஓரக்கண்ணால் பார்த்தார். அது வாய் திறப்பதாக இல்லை.

மேகம் என்பது ஊர் வைத்த பெயர். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். ஒரே மாதிரி ஃபிரேம் வாங்கிய ஒரு தம்பதிக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று புகார் வந்தது. 'ஆள் எப்போதும் ஆகாயத்தில்தான் மிதக்கிறார்' என்றார் முதலாளி. பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதை நம்பிவிட்டார், பாவம். நம்பியதோடு நிற்காமல் மருந்தும் கண்டுபிடித்தார். நினைப்பு வேறெங்காவது போனால் கண் இமைக்க மறந்துவிடும் என்பது அவர் கட்சி. தொப்பியிலிருக்கும் சென்சார் இமையையே பார்த்துக்கொண்டிருக்கும். இமை நின்றால் மணி அடிக்கும்.

விடிந்தால் சனிக்கிழமை. அறிவியல் ஹேக்கத்தான் போட்டி. இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடிப்பைச் செப்பனிடலாம். ஆனால் முதல் சுற்றிலேயே அது வேலை செய்து காட்ட வேண்டும். பல வருடம் எழுதிப்போட்டு இப்போதுதான் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் ஊற்றிக்கொண்டால் வயர், பேட்டரி எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஊரறிஞ்ச கனவுக்காரர் நீங்க. உங்க தலைலயே அடிக்கலைன்னா வேற யார் தலைல அடிக்கும்?" என்றாள் மனைவி, அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே.

"நீ போட்டுப் பாரேன்."

போட்டுக்கொண்டு பாலைப் பார்த்தபடி நின்றாள். டிங்!

"என்ன நினைச்சே?"

"ஒண்ணுமில்லையே."

டிங், டிங்!

"சரி, சரி. கடலோரமா ஒரு வீடு. ஒரே ஒரு ஜன்னல். அலைச் சத்தம். நான் மட்டும்."

"நான் எங்கே?"

"பக்கத்து அறைல. கதவு சாத்தியிருக்கு."

மேகத்துக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். கவனம், கவனம் என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டியவன்.

"கீழே கார்ல ஒரு அம்மா காத்திருக்காங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடிடறேன்கா," என்று குழாயைத் திறந்தவன் தொப்பியைப் பார்த்தான். "அத்தானுக்கு நாளைக்கு ஹேக்கத்தானா? கொடுங்க இப்படி. கவனம்னா என்னன்னு காட்டறேன்."

அவன் தலையில் ஏறிய மணி ஓயவேயில்லை.

"நீள ரோடு," என்று அசடு வழிந்தான். "ரெண்டு பக்கமும் பனி. பக்கத்து சீட்டுல யாருமில்ல. பிரேக்கை மிதிங்கன்னு நான் யார்கிட்டயும் கத்த வேண்டாம்."

"எல்லார் தலைலயும் அடிக்குது. என் தலைதான் சரியில்ல," என்றார் மேகம்.

மைத்துனன் தொப்பியை அவர் தலையில் இறுக்கிக் கட்டினான். சென்சார் புருவத்தில் குத்தியது. தளர்த்தினான்; மூக்கில் வந்து விழுந்தது. மறுபடி இறுக்கியதில் ஒரு வயர் பிய்ந்துவிட்டது. மேகமே அதை ஒட்டவைத்தார்.

"அத்தான் பதட்டத்துல இருக்கார். கனவு வர வைக்கணும்கா."

ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். திரைச்சீலை மெல்ல அசைந்தது. மாலை வெயில் தரையில் சோம்பலாகக் கிடந்தது. மனைவி கடலைப் பற்றித் தாலாட்டுக் குரலில் சொல்ல ஆரம்பித்தாள். தம்பி பனி விழும் ரோட்டைப் பற்றி முனகினான். பேச்சு மெதுவானது, பிறகு நின்றே போனது. அக்காவும் தம்பியும் சுவரைப் பார்த்தபடி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மேகம் எழுந்து போய்ப் பொங்கி வந்த பாலை இறக்கினார். கொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினார். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தார். மணி மூச்சுக்கூட விடவில்லை.

"சார் தண்ணி குடிக்கன்னு மேலே வந்தார். ஆளையே காணோம்," என்றபடி கார் பழக வந்த அம்மாள் நின்றிருந்தாள்.

மேகம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவ்வளவுதான். நாளைக்கு நான் போகலை. பழைய சாமான்காரரைக் கூப்பிடு."

திடுக்கிட்டு விழித்த மனைவி வந்தவளிடம் அங்கலாய்த்தாள். "பாருங்கம்மா, கனவு காண்றவங்க போட்டா மணி அடிக்கற தொப்பி இது. புருஷன் பொண்டாட்டி கண்ணாடியையே மாத்திக் கொடுத்துப் பேர் வாங்கினவர் இவர். இவர் தலைல மட்டும் அடிக்க மாட்டேங்குது!"

அந்த அம்மாளின் முகம் மாறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"தொப்பி சரியாத்தான் இருக்குங்க. அன்னிக்குக் கடை நிலைக்கண்ணாடி முன்னால மாத்தி மாத்திப் போட்டு அழகு பார்த்துட்டு, நானும் என் வீட்டுக்காரரும்தான் ஏதோ நினைப்புல ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் மாட்டிக்கிட்டுப் போயிட்டோம்."